எந்திரத்துக்குப் பாடம் சொல்ல நினைத்த மேதை

தட்டாஞ்சாவடியில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு புது வாத்தியார் கிடைத்திருக்கிறார். அவருக்குப் பிரம்பு கிடையாது. கோபம் கிடையாது. நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் அலுத்துக்கொள்வது கிடையாது. அம்மாவின் கைப்பேசிக்குள் அவர் இருக்கிறார். கணக்கைத் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கிறார்.

செயற்கை நுண்ணறிவு என்று பத்திரிகைகளில் வருகிறதே, அதுதான் இது. பிள்ளைகள் சுருக்கமாக ஏ.ஐ. என்கிறார்கள்.

எந்திரத்துக்கு அறிவு வருமா? வருமென்றால், குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல எந்திரத்துக்கும் பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தால் என்ன? 1950-ம் ஆண்டிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதி வைத்தார் ஒருவர். அப்போது உலகம் முழுவதும் தேடினாலும் கம்ப்யூட்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர் ஆங்கிலேயர். ஆனால் அவரைப் பெற்ற தாய் பிறந்தது, கோயமுத்தூருக்குப் பக்கத்தில் உள்ள போத்தனூரில்! தகப்பனாரோ தமிழ் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர்!

அவர் பெயர் ஆலன் டியூரிங்.

போத்தனூர்ப் பெண்

வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை ரெயில்வேயில் எட்வர்டு வாலர் ஸ்டோனி என்ற என்ஜினீயர் இருந்தார். துங்கபத்திரா ஆற்றின் மேல் ரெயில் பாலம் கட்டியவர். பிற்காலத்தில் தலைமை என்ஜினீயராக உயர்ந்தார். அந்த நாளில் துரைமார் வீடுகளில் மின்சார விசிறி ஏது? கயிறு கட்டிப் பங்கா இழுப்பார்கள். அது இழுக்க இழுக்கக் கிறீச்சிடும். சத்தம் போடாத பங்காச் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டார் ஸ்டோனி.

அவருக்கு 1881-ம் ஆண்டு போத்தனூரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எதெல் சேரா என்று பெயர். அந்தக் கால வெள்ளைக்காரர் வழக்கப்படி, சின்ன வயதிலேயே அவளை அயர்லாந்தில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் முகம், தகப்பன் முகம் பார்க்காமல் வளர்ந்தாள். ஏறக்குறைய இருபது வயதில்தான் குன்னூரில் இருந்த பெற்றோரிடம் திரும்பி வந்தாள்.

1907-ம் ஆண்டு சீமைக்குப் போகும் கப்பலில் ஜூலியஸ் டியூரிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியைச் சந்தித்தாள். சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்தவர் அவர். ஐ.சி.எஸ். இறுதிப் பரீட்சைக்கு அவர் படித்த பாடங்களில் தமிழும் ஒன்று. 1896-ம் ஆண்டு நடந்த அந்தப் பரீட்சையில் ஏழாவது இடம் பெற்றார். கப்பல் பயணம் கலியாணத்தில் முடிந்தது. அதே ஆண்டில் டப்ளின் நகரத்தில் திருமணம் நடந்தது.

மூத்த மகன் ஜான் 1908-ம் ஆண்டு குன்னூரில் பிறந்தான். பிறகு ஜூலியஸ் சத்ரபூருக்கு மாற்றப்பட்டார். இன்று ஒடிசாவில் இருக்கும் அந்த ஊர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே இருக்கும்போதுதான் சேரா இரண்டாம் முறை கருவுற்றாள். பிரசவத்துக்குச் சீமைக்குப் போனாள். 1912-ம் ஆண்டு ஜூன் மாதம் 23-ந் தேதி லண்டனில் ஆலன் பிறந்தான்.

அடுத்து என்ன நடந்தது தெரியுமா? தாய்க்கு நேர்ந்தது மகனுக்கும் நேர்ந்தது!

தாயைப் பிரிந்த பிள்ளை

இந்தியாவின் வெயிலும் காய்ச்சலும் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பெற்றோர் பயந்தார்கள். இங்கிலாந்தில் கடலோர ஊர் ஒன்றில், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில் இரண்டு பையன்களையும் ஒப்படைத்தார்கள். 1913-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சேரா இந்தியாவுக்குக் கப்பல் ஏறினாள். அப்போது ஆலனுக்கு வயது ஒன்றே கால்.

அவ்வப்போது தாய் வருவாள், போவாள். முதல் மகா யுத்தம் மூண்டது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலில் கண்ட கப்பலை எல்லாம் மூழ்கடித்தன. அதற்குப் பயந்து 1916 முதல் 1919 வரை சேரா இந்தியாவுக்குப் போகாமல் மகனோடு தங்கினாள். நீர்மூழ்கிக் கப்பல் பயத்தால் ஒரு பிள்ளைக்குத் தாய் கிடைத்தாள்! அதே பிள்ளை பிற்காலத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களை என்ன செய்தான் என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஆலன் விசித்திரமான குழந்தை. பொம்மை மாலுமியின் கையும் காலும் உடைந்துபோனால், அவற்றைத் தோட்டத்தில் நட்டு வைப்பான். முளைத்து வரும் என்று நினைப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்க யாரும் கற்றுத் தரவில்லை. ஒரு பாலபாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்றே வாரத்தில் தானே கற்றுக்கொண்டான். எழுத்தைவிட எண்ணில் ஆசை அதிகம். தெருவில் நடந்தால் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்று அதன் நம்பரைப் படித்துவிட்டுத்தான் நகருவான்.

ஆனால் வலது எது, இடது எது என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவே இல்லை. அதற்கும் ஒரு வழி கண்டான். இடது கைக் கட்டை விரலில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டான். புள்ளி இருக்கும் பக்கம் இடது பக்கம்!

1921-ம் ஆண்டு தாய் மறுபடி வந்தாள். ஒன்பது வயது ஆகப் போகிறது; பையனுக்கு நீள வகுத்தல் கணக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அவனை மேதை என்று சொன்னவர் அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியை. சேரா பேசாமல் அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். தானே பக்கத்தில் உட்கார்ந்து வகுத்தல் சொல்லிக் கொடுத்தாள். போத்தனூர்ப் பெண் போட்ட அந்த வகுத்தல் கணக்கில்தான் கம்ப்யூட்டர் மேதையின் படிப்பு நிமிர்ந்தது என்று சொன்னால் தவறில்லை.

பத்து வயதில் குழந்தைகளுக்கான விஞ்ஞானப் புத்தகம் ஒன்று அவன் கைக்கு வந்தது. மனித உடம்பும் ஒரு எந்திரம்தான் என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கருத்து அவன் மனத்தை விட்டு அகலவே இல்லை.

வாத்தியாரின் சந்தேகம்

1926-ம் ஆண்டு ஷெர்போர்ன் என்ற பெயர் பெற்ற பள்ளியில் ஆலன் சேர்ந்தான். பள்ளி திறக்கும் நேரம் பார்த்து நாடு முழுவதும் வேலை நிறுத்தம். ரெயில் ஓடவில்லை. 14 வயதுகூட நிரம்பாத பையன் சைக்கிளை எடுத்தான். சவுதாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 60 மைல் மிதித்து, வழியில் ஒரு சத்திரத்தில் ராத்தங்கி, மறுநாள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தான்.

இவ்வளவு ஆசையாக வந்த பையனை அந்தப் பள்ளி எப்படி நடத்தியது? அங்கே லத்தீன், கிரேக்கம், சரித்திரம் இவைதான் படிப்பு. விஞ்ஞானம் இரண்டாம் பட்சம். ஆலனின் கையெழுத்தோ கோழி கிளறியது போல இருக்கும். சட்டையில் மை. நோட்டில் மை. விஞ்ஞானம் ஒன்றுதான் வேண்டுமென்றால் இந்தப் பையன் இங்கே இருப்பது கால விரயம் என்று தலைமை ஆசிரியர் பெற்றோருக்கு எழுதினார். பரீட்சைக்கே அனுப்பலாமா வேண்டாமா என்றுகூட ஆசிரியர்கள் யோசித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இது நடந்தது. கால்குலஸ் என்ற உயர்ந்த கணக்குப் பாடத்தை ஆலன் இன்னும் படிக்கவில்லை. அதன் உதவி இல்லாமலே, கோணம் சம்பந்தப்பட்ட ஒரு முடிவில்லாத் தொடரைத் தானே கண்டுபிடித்தான். காகிதத்தைக் கொண்டுபோய்க் கணக்கு வாத்தியாரிடம் நீட்டி, சரியா என்று கேட்டான். அந்தத் தொடரை நம் பக்கத்துக் கேரளத்தில் சங்கமக்கிராமத்து மாதவர் 600 ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார். ஐரோப்பாவில் பிற்பாடு கண்டார்கள். ஷெர்போர்னில் உட்கார்ந்திருந்த பையனுக்கு இருவரையும் தெரியாது.

வாத்தியார் முதலில் என்ன நினைத்தார்? ஏதோ புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று நினைத்தார்!

இதை இன்றைக்கு நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளை நன்றாக எழுதிவிட்டால், கைப்பேசியைப் பார்த்து எழுதினாயா என்று கேட்கிறோம். பாதி நேரம் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருந்துவிடுகிறது. ஆனால் மீதிப் பாதியில் ஓர் ஆலன் நின்றுகொண்டிருக்கலாமே! விடையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எப்படிச் செய்தாய் என்று பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால்தான் தெரியும். ஷெர்போர்ன் வாத்தியார் தம் சந்தேகத்தை மாற்றிக்கொண்டார். வகுப்பு ஆசிரியரோ, வேலை அலங்கோலமாக இருப்பதால் பையன் தேறத் தகுதி இல்லாதவன் என்று குறைப்பட்டார்.

அங்கே அவனுக்கு ஒரே ஒரு உயிர்த் தோழன். பெயர் கிறிஸ்டோபர் மார்க்கம். இருவரும் நட்சத்திரங்களையும் ரசாயனத்தையும் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். 1930-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் காசநோயால் கிறிஸ்டோபர் இறந்தான். ஆலன் இடிந்துபோனான். உடம்பு போன பிறகு மனம் எங்கே போகிறது? மனம் என்பது என்ன? துக்கத்தில் பிறந்த இந்தக் கேள்வியை அவர் ஆயுள் முழுவதும் சுமந்தார்.

காகிதத்தில் பிறந்த கம்ப்யூட்டர்

1931-ம் ஆண்டு கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 22 வயதில் அங்கேயே ஆராய்ச்சியாளர் பதவி கிடைத்தது. 1936-ம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய கம்ப்யூட்டருக்கெல்லாம் அதுதான் வித்து.

அந்த நாளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு எந்திரம். நெல் குத்துவதற்கு ஒன்று. துணி தைப்பதற்கு ஒன்று. டியூரிங் வேறு மாதிரி யோசித்தார். கட்டம் போட்ட நீண்ட காகித நாடா. அதன்மேல் நகர்ந்து, ஒரு கட்டத்தைப் படித்து, அழித்து, எழுதும் ஒரு எந்திரம். என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு கட்டளைப் பட்டியல். பட்டியலை மாற்றினால் வேலையும் மாறும். சமையல்காரர் ஒருவர்தான், அடுப்பும் ஒன்றுதான்; குறிப்பை மாற்றினால் சாம்பாருக்குப் பதில் பாயசம் வருகிறது அல்லவா? அதுபோல. ஒரே கைப்பேசி பாட்டுப் பாடுவதும், பணம் அனுப்புவதும், கணக்குச் சொல்லுவதும் இந்த யோசனையால்தான்.

எந்த எந்திரத்தாலும் தீர்க்க முடியாத கணக்குகள் உண்டு என்பதையும் அதே கட்டுரையில் நிரூபித்தார். எந்திரத்தின் எல்லையைக் காட்டிவிட்டுத்தான் எந்திரத்தைப் பெற்றெடுத்தார் அவர்!

நீர்மூழ்கிக்கு எமன்

1939-ம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாவது மகா யுத்தம் மூண்டது. மறுநாளே டியூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய முகாமுக்குப் போனார்.

ஜெர்மானியர் எனிக்மா என்ற எந்திரத்தால் செய்திகளைக் குழப்பி அனுப்பினார்கள். அதை உடைக்க முதலில் வழி கண்டவர்கள் போலந்து நாட்டுக் கணித நிபுணர்கள். யுத்தத்துக்குச் சில வாரம் முன்பு அவர்கள் தங்கள் ரகசியத்தை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கொடுத்தார்கள். அதிலிருந்து டியூரிங் இன்னும் பலமான எந்திரம் ஒன்றைத் திட்டமிட்டார். 1940-ம் ஆண்டு அது ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் நம் புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் போன்வேன், ஹிட்லருக்குப் பணியாத தெகோல் பக்கம் சேர்ந்தார்.

கடற்படைச் செய்திகளை உடைப்பது டியூரிங்கின் தனிப் பொறுப்பு. நீர்மூழ்கிகள் எங்கே பதுங்கியிருக்கின்றன என்று தெரிந்ததும் கப்பல்கள் வேறு வழியில் திருப்பி விடப்பட்டன. எத்தனையோ ஆயிரம் மாலுமிகள் உயிர் பிழைத்தார்கள். பிளெட்ச்லி பார்க்கின் வேலையால் யுத்தம் இரண்டு ஆண்டுகள் முன்னதாக முடிந்தது என்று சொல்லும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு.

அங்கே அவருடைய பழக்க வழக்கங்களும் வேடிக்கை. மகரந்தத்தால் தும்மல் வருமென்று விஷ வாயு முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். அந்த சைக்கிளில் குறிப்பிட்ட தடவை மிதித்ததும் சங்கிலி கழன்றுவிடும். கடைக்குக் கொண்டுபோய்ச் சரி செய்யமாட்டார். மிதிப்பதை எண்ணிக்கொண்டே வந்து, கழலும் நேரம் பார்த்துச் சமாளித்துவிடுவார்! தேநீர்க் கோப்பையை யாரும் எடுத்துவிடக் கூடாதென்று சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார். யுத்தம் முடிந்த பிறகு நீண்ட ஓட்டத்தில் இறங்கினார். 1947-ம் ஆண்டு 26 மைல் மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தார். மறு ஆண்டு ஒலிம்பிக்கில் முதலில் வந்தவருக்கும் அவருக்கும் சுமார் 11 நிமிடம்தான் வித்தியாசம்.

யுத்தத்தில் செய்த வேலையை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது கட்டளை. தாயிடம்கூட அவர் சொல்லவில்லை.

எந்திரக் குழந்தை

யுத்தம் முடிந்ததும் கம்ப்யூட்டர் கட்டும் வேலைக்கு சர்க்கார் ஆராய்ச்சிக்கூடம் அவரை எடுத்தது. ஆனால் அவர் மனம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எந்திரம் கணக்குப் போட்டால் போதுமா? கற்றுக்கொள்ள வேண்டாமா?

1947-ம் ஆண்டு லண்டனில் கணித அறிஞர்கள் கூட்டத்தில் இதைப் பேசினார். எந்திரத்துக்கும் நியாயம் வழங்க வேண்டும் என்று வாதாடினார். மனிதனுக்கு எத்தனை வருஷம் பள்ளி, கல்லூரி வைத்துப் பழக்குகிறோம்! அவனும் தப்புச் செய்துதானே கற்கிறான்? எந்திரம் மட்டும் ஒரு தப்பும் செய்யக் கூடாது, ஆனால் அறிவோடு இருக்க வேண்டும் என்றால் அது நடக்குமா? தப்பே செய்யாத ஒன்றிடம் அறிவை எதிர்பார்க்க முடியாது என்றார் அவர். தப்புத் தப்பாக எழுதியே வளர்ந்த பையன் பேசிய பேச்சு அது என்பதை மறந்துவிட வேண்டாம்.

மறு ஆண்டு இதை விரிவாக எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி யார் தெரியுமா? குரங்கிலிருந்து மனிதன் என்ற ஆராய்ச்சியால் புகழ் பெற்ற டார்வினின் பேரன்! பள்ளிப் பையன் எழுதிய கட்டுரை போல இருக்கிறது என்று பேரன் ஒதுக்கிவிட்டார். டியூரிங் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை.

அவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1950-ம் ஆண்டு, மைண்ட் என்ற தத்துவப் பத்திரிகையில் எழுதிய கட்டுரைதான் அவரை அழியாப் புகழில் வைத்தது. ஓர் அறையில் மனிதன். இன்னோர் அறையில் எந்திரம். நடுவில் சுவர். நீங்கள் கேள்வியை டைப் அடித்து அனுப்புகிறீர்கள். பதிலும் டைப் அடித்து வருகிறது. எது மனிதன், எது எந்திரம் என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், அந்த எந்திரம் சிந்திக்கவில்லை என்று எப்படிச் சொல்லுவீர்கள்? டியூரிங் சோதனை என்று உலகம் இதைத்தான் சொல்கிறது.

எல்லாரும் இந்தச் சோதனையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் கட்டுரையின் கடைசிப் பகுதிதான் பெற்றோரும் ஆசிரியரும் படிக்க வேண்டியது. பெரியவர் ஒருவரின் அறிவு முழுவதையும் கட்டளை கட்டளையாக எழுதி எந்திரத்துக்குள் ஏற்ற எத்தனை நாள் ஆகும் என்று அவர் கணக்குப் போட்டார். 60 பேர் 50 வருஷம் விடாமல் உட்கார்ந்து எழுத வேண்டும். அதுவும் ஒரு காகிதத்தைக்கூடக் கசக்கிப் போடக் கூடாது! நடக்கிற காரியமா? ஆகவே பெரியவர் வேண்டாம், குழந்தையைச் செய்வோம் என்றார். கடையில் வாங்கிய வெற்று நோட்டுப் புத்தகம் போன்ற ஒரு எந்திரக் குழந்தை. பிறகு அதைப் படிக்க வைப்போம்!

எப்படிப் படிக்க வைப்பது? நம் தட்டாஞ்சாவடியின் பெயரிலேயே தட்டார் இருக்கிறார். நகைப் பட்டறைப் பையனை எண்ணிக்கொள்ளுங்கள். பையன் ஊதுகிறான், உருக்குகிறான், தட்டுகிறான். சரியாக வந்தால் ஆசாரியின் முகம் மலரும். தப்பினால் தலையில் குட்டு விழும். டியூரிங்கும் இதையே சொன்னார். சரியாகச் செய்தால் எந்திரத்துக்கு ஒரு பரிசுக் குறி. தப்பாகச் செய்தால் ஒரு தண்டனைக் குறி. பரிசு பெற்ற நடத்தையை எந்திரம் திரும்பச் செய்யும். தண்டனை பெற்றதை விட்டுவிடும்.

ஆனால் குட்டு மட்டும் போதாது என்பதையும் அவரே சொன்னார். ஒரு முழுப் பாட்டை வாயால் சொல்லித் தராமல், ஆம், இல்லை என்று குட்டி மட்டுமே மனப்பாடம் செய்ய வைத்தால், பாட்டு வருவதற்குள் பையன் உடம்பெல்லாம் புண்ணாகிவிடுமே! பேச்சு வேண்டும். அதுவும் ஒரு பக்கப் பேச்சு அல்ல. மாணவன் பக்கத்திலிருந்தும் ஆசிரியருக்கு ஏதாவது வந்து சேர வேண்டும். கண்ணும் காதும் இல்லாத ஹெலன் கெல்லர் அம்மையார் உலகம் போற்றும் அறிஞர் ஆனதை உதாரணமாகக் காட்டினார். கண் இல்லாவிட்டாலும் காது இல்லாவிட்டாலும் கல்வி நடக்கும். போக்குவரத்து இரண்டு பக்கமும் இருந்தால் போதும்.

எந்திரக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் மற்ற பிள்ளைகள் கேலி செய்தே தீர்த்துவிடுவார்கள் என்றும் வேடிக்கையாக எழுதினார். கேலி எப்படி இருக்கும் என்பது ஷெர்போர்னில் படித்தவருக்குத் தெரியாதா?

இன்னொரு விஷயம். எந்திரம் கற்கத் தொடங்கிவிட்டால், உள்ளே என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் வாத்தியாருக்கே தெரியாது என்று சொன்னார். சின்ன எந்திரம் ஒன்றுக்கு அவரே சில பாடங்கள் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். வெற்றி என்று அவர் பெருமை அடித்துக்கொள்ளவில்லை.

சொன்னதும் நடந்ததும்

50 ஆண்டில், ஐந்து நிமிடப் பேச்சில் சோதிப்பவர்களில் பத்தில் மூன்று பங்குப் பேரையாவது எந்திரம் ஏமாற்றிவிடும் என்று அவர் எதிர்பார்த்தார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. 2022-ம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகுதான் சாதாரண ஜனங்கள் எந்திரத்தோடு வாய் ஓயாமல் பேசத் தொடங்கினார்கள்.

அந்த எந்திரம் எப்படிக் கற்றது? கணக்கில்லாத புத்தகங்களையும் எழுத்துக்களையும் கொடுத்து, அடுத்த வார்த்தை என்ன என்று யூகிக்கச் சொன்னார்கள். தப்பினால் உள்ளே இருக்கும் எண்களைச் சிறிது திருத்தினார்கள். இப்படிக் கோடி கோடித் தடவை. பிறகு மனிதர்கள் உட்கார்ந்து, இந்தப் பதில் நல்லது, அந்தப் பதில் மட்டம் என்று தரம் பிரித்தார்கள். டியூரிங் சொன்ன பரிசும் தண்டனையும்தான்! உள்ளே என்ன நடக்கிறது என்பது அதைச் செய்தவர்களுக்கே முழுதாகத் தெரியாது என்பதும் அவர் சொன்னபடியே நடந்திருக்கிறது. தப்புச் செய்யும் என்று சொன்னாரே, அதையும் கைப்பேசி வாத்தியார் தாராளமாகச் செய்கிறார். தப்பை அவர் தயங்காமல் சொல்லுவதுதான் ஆபத்து.

இன்று புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் பின்பற்றும் சி.பி.எஸ்.இ. திட்டத்தில், 2019-ம் ஆண்டு முதலே 9-ம் வகுப்புக்குச் செயற்கை நுண்ணறிவு ஒரு விருப்பப் பாடம். எந்திரத்தைப் பற்றிப் பிள்ளை படிப்பது நல்லதே. எந்திரமே பிள்ளைக்காகப் படித்துவிடுவதுதான் கெடுதல். எந்திரக் குழந்தை தடுக்கி விழுந்து, திருத்திக்கொண்டு கற்க வேண்டும் என்று டியூரிங் விரும்பினார். நாமோ எந்திரத்தை லட்சம் தடவை தடுக்கி விழச் செய்துவிட்டு, நம் பிள்ளையை மட்டும் ஒரு தடவைகூட விழவிடாமல் விடையைக் கையில் கொடுத்துவிடுகிறோம். வகுத்தல் வராத மகனை சேரா என்ன செய்தாள்? விடையைச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கோர்ட்டுப் படி

1951-ம் ஆண்டு ராயல் சொசைட்டி என்ற உலகப் புகழ் பெற்ற விஞ்ஞான சங்கம் டியூரிங்கை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டே இடி விழுந்தது.

அவர் வீட்டில் ஒரு திருட்டு நடந்தது. போலீசாரிடம் புகார் கொடுத்தார். விசாரணையில், ஓர் ஆணோடு அவருக்கு உறவு இருந்தது தெரிய வந்தது. டியூரிங் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி அது குற்றம். திருட்டுக் கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் ஏறினார்! சிறைக்குப் போகிறாயா, அல்லது ஆசையை அடக்கும் மருந்தை ஒரு வருஷம் ஏற்றுக்கொள்கிறாயா என்று கோர்ட்டு கேட்டது. மருந்துக்குச் சம்மதித்தார். பெண்களுக்குச் சுரக்கும் ஹார்மோனை அவர் உடம்பில் செலுத்தினார்கள். அதனால் உடம்பு மாறியது. சர்க்காரின் ரகசிய ஆலோசனை வேலையும் போய்விட்டது. நாட்டைக் காத்தவரை நாடு நம்பத் தயாராக இல்லை.

அந்த ஆங்கிலச் சட்டத்தின் நிழல் நம் நாட்டிலும் 377-வது பிரிவாக விழுந்து கிடந்தது. விருப்பப்பட்ட இருவரின் உறவைக் குற்றம் ஆக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ம் ஆண்டு தீர்ப்புச் சொன்னது.

டியூரிங் வேலையை விடவில்லை. சிறுத்தையின் புள்ளியும் வரிக்குதிரையின் கோடும் எப்படி உண்டாகின்றன என்று கணக்குப் போட்டு எழுதினார். 1954-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி வேலைக்கார அம்மாள் வந்து பார்த்தபோது கட்டிலில் இறந்து கிடந்தார். முதல் நாளே உயிர் போயிருந்தது. சயனைடு விஷம். பக்கத்தில் பாதி கடித்த ஆப்பிள். 42 வயதுகூட நிறையவில்லை.

தற்கொலை என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். தாய் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டிலேயே ரசாயன ஆராய்ச்சி செய்கிற பிள்ளை, கையை நன்றாகக் கழுவியிருக்கமாட்டான்; விபத்துதான் என்று கடைசி வரை சொல்லி வந்தார்.

2009-ம் ஆண்டு பிரதமர் கார்டன் பிரவுன் நாட்டின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013-ம் ஆண்டு எலிசபெத் ராணி மன்னிப்பு வழங்கினார். 2021-ம் ஆண்டு டியூரிங் படம் போட்ட 50 பவுன் நோட்டு, அவருடைய பிறந்த நாளன்று வெளிவந்தது.

போத்தனூரில் பிறந்த சேரா அம்மையார் இவை எதையும் பார்க்கவில்லை. மகன் இறந்தபின் அவனுடைய கடிதங்களையும் காகிதங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, 70 வயதுக்கு மேல் தன்னந்தனியாக உட்கார்ந்து அவன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 1959-ம் ஆண்டு அது அச்சில் வந்தது. யுத்தத்தின்போது ஆலன் என்ன செய்தான் என்ற இடத்தில் அவரால் அதிகம் எழுத முடியவில்லை. பிளெட்ச்லி பார்க்கின் ரகசியம் 1974-ம் ஆண்டில்தான் உலகத்துக்கு வெளிப்பட்டது. அப்போது அவருக்கு வயது 92. இரண்டு ஆண்டு கழித்து, 1976-ம் ஆண்டு மார்ச் மாதம் காலமானார்.